கோட்டை பார்க்கப் போன சாளைக் கருவாடு

சாளைக் கருவாட்டின் வாடை ஒரே வீச்சில் வந்து சேர்வதில்லை. முதலில் லேசான உப்புக் காற்றாக வந்து, பக்கத்தில் எங்கோ கடல் இருக்கிறது போலும் என்று நம்மை மகிழவைக்கும். பிறகு அந்தக் கடல் கொஞ்சம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டதோ என்ற ஐயத்தைக் கிளப்பும். கடைசியில், கடலுக்குள் ஏதோ பெரிய துக்கம் நடந்துவிட்டது என்பதை அறிவித்துவிட்டு மூக்குக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். இந்த மூன்று கட்டங்களையும் நான் என் பதினோராவது வயதில், இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு சிறு துறைமுக ஊரில், ஒரு வெள்ளைக்கார அம்மாளின் குட்டிக் காருக்குள், கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்ட நிலையில் அனுபவித்திருக்கிறேன். ஊரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அங்கே எங்கள் குடும்பத்துக்கு இன்றும் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. அதை நானே போய்க் கெடுப்பானேன்?

அப்பாவின் தங்கை கிருபை அத்தை அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பாளையங்கோட்டையை விட்டுப் போய் வெகு காலமாகிவிட்ட அவள், ஒரு கோடை விடுமுறைக்கு எங்கள் மூன்று பேருக்கும் விமான டிக்கெட் அனுப்பிவைத்தாள். அப்பா சரித்திர வாத்தியார்; இங்கிலாந்து மன்னர்களை வரிசை பிசகாமல், சொந்தப் பெரியப்பா சித்தப்பாமாரைச் சொல்வதுபோலச் சொல்லக்கூடியவர். ஆனால் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை குறுக்கே வந்துவிட்டதால், அந்த மன்னர்களை நேரில் போய் விசாரிக்கும் பொறுப்பு எனக்கும் அம்மாவுக்கும் வந்து சேர்ந்தது. "ஏலே, ஒரு பழைய கட்டடத்தையும் விடப்படாது. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும், என்ன?" என்று சொல்லித்தான் ரயிலேற்றினார்.

அம்மா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இங்கிலீஷ் அவளுக்குப் புரியும். ஆனால் தமிழை நிறுத்தி நிதானமாகச் சொன்னால் உலகத்தில் யாருக்கும் விளங்கும் என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடும் ஒரு பெரிய பெட்டியோடும் அவள் லண்டனில் இறங்கினாள். விமான நிலையத்து அதிகாரி எதையோ கேட்டதற்கு, "எல்லாம் உடுத்துத துணிதான் ஐயா" என்று அவள் பதில் சொல்ல, அவர் எங்களைப் போகச் சொல்லிவிட்டார். அவள் சொன்னதில் பொய்யில்லை, துணிதான். அந்தத் துணிக்குள் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை.

அத்தையின் அறையில் பெட்டியைத் திறந்தபோது முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்ற சம்பிரதாயம் எதுவும் இல்லாமல் நேரே மூன்றாம் கட்டம் எழுந்து வந்தது.

"மைனி! என்ன காரியம் செஞ்சிருக்கிய? இதை எப்படிக் கொண்டாந்திய?"

"சேலைக்குள்ள சுத்தித்தான். நீதான ஏட்டி எழுதியிருந்தே, கருவாட்டுக் கொழம்பு சொப்பனத்துல வருதுன்னு?"

"அது இங்க வந்த புதுசுல எழுதுனதுலா!"

"சொப்பனம் மாறிப் போச்சின்னா அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்லா?"

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் எங்கள் நிறத்தில் ஒருத்திக்கு வாடகைக்கு அறை கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நர்ஸ் உடுப்பைப் பார்த்துக் கதவைத் திறந்தவர்கள், முகத்தைப் பார்த்ததும் அறை காலியில்லை என்று சொல்லிவிடுவார்களாம். அப்படிப் பல படிகள் ஏறி இறங்கிய பிறகுதான் மிசஸ் பிளெட்சர் என்ற விதவை அம்மாள் தன் வீட்டு மாடியறையைக் கொடுத்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: வாடை வரும் சமையல் கூடாது. ஒருமுறை அத்தை கடுகு தாளித்ததற்கே அந்த அம்மாள் கீழிருந்து ஏறி வந்து, நல்ல தன்மையாக, இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

எங்கள் பெட்டி திறந்த மறுநாளே மிசஸ் பிளெட்சருக்குத் தன் வீட்டுச் சாக்கடைமேல் சந்தேகம் வந்துவிட்டது. குழாய் பழுது பார்க்கும் ஆளுக்குச் சொல்லிவிட்டாள். இரண்டொரு நாளில் அவன் வந்து முற்றத்தைத் தோண்டுவதாக ஏற்பாடு. சாக்கடை சுத்தம் என்று தெரிந்துவிட்டால் அடுத்து அந்த அம்மாளின் மூக்கு மாடிப்படிதான் ஏறும்.

"இன்னிக்கே இதைக் குப்பையில போட்டிரணும் மைனி."

"தின்னுத பண்டத்தைக் குப்பையில போடுததுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எதாவது ஒரு வாயிக்குப் போவணும்."

"இங்கன எந்த வாயி மைனி இதைத் திங்கும்?"

"அது உன் பாடு. எங்க ஊரா இது?"

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மறுநாள் அத்தைக்கு விடுமுறை. எனக்குப் பழைய கட்டடங்களைக் காட்ட வேண்டிய நாள். கருவாட்டைக் கட்டி அவளுடைய பெரிய தோல்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது. ஏதாவது ஓர் இடத்தில், யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணத்தோடு விட்டுவிட்டு வந்துவிடுவது. விட்டுவிட்டு வருவது வேறு, வீசுவது வேறு என்று அம்மா ஒப்புக்கொண்டாள். கணக்கு டீச்சருக்கு இந்த மாதிரி வித்தியாசங்கள் முக்கியம்.

திட்டம் வாசல்வரை சரியாகத்தான் போனது. வாசலில் மிசஸ் பிளெட்சர், தலையில் தொப்பியும் கையில் கார்ச் சாவியுமாக நின்றுகொண்டிருந்தாள். கடல் கடந்து வந்திருக்கும் விருந்தாளிகளை பஸ்ஸில் அனுப்புவதா என்று, தானே கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டுவதாக முடிவு செய்திருந்தாள். அத்தை மறுத்துப் பார்த்தாள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அன்பு செலுத்துவது என்று தீர்மானித்துவிட்டால் யாராலும் தடுக்க முடியாது. ஆக, அத்தைக்கு அறை கொடுத்தவளும், அந்த அறையைப் பறிக்கப்போகிற பொருளும், நாங்களும் ஒரே காரில் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, சாக்கடை வாடை தன் உடுப்பிலேயே ஏறிவிட்டது என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்டாள். "அது பரவாயில்லங்க" என்று அம்மா பெருந்தன்மையாகத் தமிழில் மன்னித்தாள்.

முதலில் மலைமேல் ஒரு கோட்டை. கோட்டை என்றால், பாதிச் சுவர்கள், கூரையில்லாத ஒரு வாசல், நிறையப் புல். நுழையச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, "கோட்டை இல்லாமலே நாம ஊருக்குக் கோட்டைன்னு பேரை வச்சிக்கிட்டு இருக்கோம். இவிய இடிஞ்ச செவத்துக்கு டிக்கெட்டு போடுதாவ. பொழைக்கத் தெரிஞ்சவிய" என்றாள். நான் அப்பாவுக்குச் சொல்வதற்காக எந்த மன்னன் எந்தச் சுவரைக் கட்டினான் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த நேரத்தில், அத்தை பொட்டலத்தைக் கடலைப் பார்த்த ஒரு பெஞ்சில் பைய வைத்துவிட்டு எழுந்து நடந்தாள். நாங்கள் பாதிச் சரிவு இறங்கியிருப்போம். பின்னாலிருந்து மூச்சு வாங்க ஒரு கிழவர் ஓடிவந்து, தொப்பியைக் கழற்றி, அம்மணி இதை மறந்துவிட்டீர்கள் என்று பொட்டலத்தை நீட்டினார். மூச்சை அடக்கிக்கொண்டு அவர் அதைத் தூர நீட்டிப் பிடித்திருந்த அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் ஊரில் பஸ்ஸில் குடையை மறந்து இறங்கினால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது இன்னொருவர் தலைக்குமேல் போய்க்கொண்டிருக்கும். நேர்மை இவ்வளவு தொந்தரவான குணம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது குகைகள். பழைய காலத்தில் கள்ளக் கடத்தல்காரர்கள் சாராயமும் தேயிலையும் ஒளித்துவைத்த இடமாம். கையில் விளக்கோடு ஒருவர் முன்னால் நடந்து, அதிகாரிகள் எப்படி மோப்பம் பிடித்துக் கடத்தல்காரர்களைப் பிடிப்பார்கள் என்று விவரித்துக்கொண்டே போக, அத்தை பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வந்தாள். காற்றோட்டமில்லாத இடம், கருவாடு தன் முழுத் திறமையையும் காட்டியது. கூட்டத்தில் ஒருவர் அந்த விளக்குக்காரரைப் பாராட்டினார்: போன முறை தாம் வந்தபோது வெறும் பொம்மைகள்தான் இருந்தனவாம், இப்போது அந்தக் காலத்து வாடையையும் ஏற்பாடு செய்துவிட்டார்களே என்று. விளக்குக்காரர் கொஞ்சம் திகைத்துவிட்டு, நன்றி சொல்லி அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டார்.

பிறகு ஒரு பழைய தேவாலயம். பாளையங்கோட்டைக்காரர்களைக் கோயிலுக்குள் விட்டால் லேசில் வெளியே வர மாட்டார்கள். அம்மா முழங்கால்படியிட்டு வெகுநேரம் ஜெபித்தாள். மிசஸ் பிளெட்சர் அந்தப் பக்தியைக் கண்டு கண் கலங்கினாள். என்ன ஜெபித்தாள் என்பது பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது: "ஆண்டவரே, இந்தக் கருவாட்டுக்கு ஒரு வழியைக் காட்டும்." அத்தை பொட்டலத்தைக் கடைசி வரிசைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டாள். வழி உடனே காட்டப்பட்டது, எங்களை நோக்கி. கோயில் பணியாளர் வாசல்வரை வந்து அதைப் பத்திரமாக ஒப்படைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் துறைமுகத்துக்கு வந்தபோது அத்தையின் முகம், தேர்வு மண்டபத்திலிருந்து வெளியே வரும் என் முகத்தைப் போலவே இருந்தது. அங்கே கல்சுவரின் ஓரம் முழுக்கப் பிள்ளைகள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோடைக்கொருமுறை நடக்கும் நண்டுப் போட்டியாம். கயிற்றில் சிறு வலைப்பை, அதற்குள் ஒரு துண்டு பன்றி இறைச்சி. தண்ணீரில் இறக்கினால் நண்டு வந்து கவ்வும். தூக்கி வாளியில் போட வேண்டும். விசில் ஊதும்போது யார் வாளியில் அதிக நண்டோ அவருக்குக் கோப்பை. எண்ணி முடித்ததும் நண்டுகளை மறுபடி கடலிலேயே விட்டுவிடுவார்கள். "புடிச்சி விடுததுக்கா இவ்வளவு பாடு?" என்றாள் அம்மா.

இந்த இடத்தில்தான் மிசஸ் பிளெட்சரின் மனத்திலிருந்த ஒரு காயம் வெளிப்பட்டது. அடுத்த வீட்டு அம்மாளின் பேரன் ஒவ்வொரு கோடையும் இந்தக் கோப்பையை ஜெயித்துவிடுகிறானாம். அந்த அம்மாள் அதை, மிசஸ் பிளெட்சர் பாத்திரம் கழுவும்போது நேரே கண்ணில் படும்படியான ஜன்னலில் வைத்துவிடுகிறாளாம். மிசஸ் பிளெட்சருக்குப் பேரப் பிள்ளைகள் இல்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். விளையாட்டு எதிலும் சேர்த்துக்கொள்ளப்படாத, உருண்டையான ஒரு பையன். ஆனாலும் ஒரு பையன். அந்த நிமிடமே தன் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி என் பெயரைக் கொடுத்து, கயிறும் வாளியும் இறைச்சியும் வாங்கித் தந்து, அந்தப் பேரனுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டாள். பிறகு அத்தையை அழைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனாள். போகும்போது அத்தை பையை அம்மாவிடம் கொடுத்து, "மைனி, யாரும் பாக்காத நேரமாப் பாத்து இதைக் கடல்ல போட்டிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். கடலில் மீன் தின்னும் என்பதால் அம்மாவும் மறுக்கவில்லை.

நான் கயிற்றை இறக்கினேன். ஒன்றுமில்லை. தூக்கினேன், மறுபடி இறக்கினேன். ஒன்றுமில்லை. பக்கத்துப் பேரன் சாவகாசமாக ஒவ்வொன்றாகத் தூக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான்; ஒவ்வொரு முறையும் என் காலி வாளியை எட்டிப் பார்த்து, 'பாவம்' என்பதற்கு அவர்கள் ஊரில் என்ன முகமோ அந்த முகத்தைக் காட்டினான். அவனுடைய பாட்டியம்மாள் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நண்டுக்கு இந்தக் கறி புடிக்கல."

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். பையைத் திறந்தாள். "ஏலே, உங்க அத்தை இதைக் கடல்ல போடத்தான சொன்னா?"

"ஆமா."

"கயித்துல கட்டிப் போடாதேன்னு சொல்லலியே?"

"சொல்லல."

"அப்பம் என்ன? நண்டுக்கும் வாயி இருக்குல்லா."

இறைச்சியை எடுத்துவிட்டு, அந்த வலைப்பைக்குள் ஒரு சாளையைத் திணித்து இறக்கினேன். அதற்குப் பிறகு நடந்ததை அப்பா சொல்லித்தரும் சரித்திரப் பாடங்களில் 'படையெடுப்பு' என்று தலைப்புப் போடுவார்கள். கயிறு கனத்தது. தூக்கினால், வலையைப் பிடித்துக்கொண்டு நாலு நண்டு, அந்த நாலின் காலைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு. உதறிவிட்டு மறுபடி இறக்கினேன்; பாசி படிந்த கற்களின் இடுக்குகளிலிருந்தெல்லாம், கோயிலில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாட்டுக்கு மணியடித்ததும் எங்கள் சபையார் கிளம்புவதுபோல, நண்டுகள் பக்கவாட்டில் விரைந்து வந்தன. பக்கத்துப் பேரனின் கயிற்றிலிருந்த நண்டுகூட அதை விட்டுவிட்டு என் பக்கம் நகர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என் வாளி நிறைந்தது. யாரோ இன்னொரு வாளி கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் தங்கள் கயிற்றை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆனால் நின்றார்கள். "இழுலே, பைய இழு, உதறாத!" என்று அம்மா சுவரோரத்தில் உட்கார்ந்தபடியே கத்தினாள். விசில் ஊதியபோது எனக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையில் தேநீர்க் கோப்பையோடு மிசஸ் பிளெட்சர் வந்தாள். வாளிகளைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பு. பிறகு அவள் மூக்கு அசைந்தது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று வரிசையாக அந்த முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன். அவள் என் கயிற்றைப் பார்த்தாள், அம்மா மடியிலிருந்த தோல்பையைப் பார்த்தாள், கடைசியாக அத்தையைப் பார்த்தாள். அத்தை அம்மாவின் பக்கம் குனிந்தாள்.

"போச்சு மைனி. என் ரூமு போச்சு."

அம்மா எழுந்து நின்றாள். பையிலிருந்து ஒரு சாளையை எடுத்து அந்த அம்மாளின் முன் நீட்டி, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "இது எங்க ஊருச் சாளை. இவ ஆசைப்பட்டாளேன்னு நாந்தான் கொண்டாந்தேன். இவ மேல ஒரு குத்தமும் இல்ல. ஏசணும்னா என்னைய ஏசுங்க."

தமிழ் யாருக்கும் விளங்கும் என்ற நம்பிக்கைக்கு அது சோதனையான நேரம். அத்தை முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டாள். ஆகவே நான்தான், இலக்கணம் தவறாத என் பள்ளிக்கூட இங்கிலீஷில், அதை வரிக்கு வரி சொன்னேன். மிசஸ் பிளெட்சர் கருவாட்டை வாலைப் பிடித்து வாங்கினாள். முகர்ந்தாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அப்படியானால் என் வீட்டுச் சாக்கடை சரியாகத்தான் இருக்கிறதா?

சாக்கடை பூரண சுகத்தோடு இருக்கிறது என்றேன்.

அதற்குள் அடுத்த வீட்டு அம்மாள் பின்னலைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டாள். இது அநியாயம், வெளிநாட்டுச் சரக்கு, இந்த நாற்றத்தைப் போட்டியில் சேர்க்கவே கூடாது, இந்த ஆட்களை வீட்டில் வைத்திருப்பதே தவறு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். மிசஸ் பிளெட்சர் மெல்லத் திரும்பினாள். அதுவரை நான் பார்த்த சாதுவான அம்மாள் அல்ல அது; மலைமேல் நாங்கள் பார்த்த கோட்டை இடியாமல் இருந்த காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். இவன் என் வீட்டுப் பையன், இவள் என் வீட்டில் இருக்கிற நர்ஸ், இது என் வீட்டு இரை என்று, கையிலிருந்த சாளையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள். இரை இன்னதுதான் என்று எந்த விதியில் இருக்கிறது, காட்டு என்றாள். நடுவராக இருந்த பழைய படகுக்காரர் தாடியைச் சொறிந்து யோசித்து, அப்படி ஒரு விதி இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

கோப்பை அன்று மாலையே மிசஸ் பிளெட்சரின் சமையலறை ஜன்னலில், அடுத்த வீட்டைப் பார்த்தபடி ஏறியது. குழாய்க்காரனுக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பப்பட்டது. மிச்சக் கருவாட்டை மூடிபோட்ட தகரப் பெட்டியில் அடைத்துத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்துக்கொள்ளவும், அங்கேயே ஓர் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொள்ளவும் அத்தைக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: காற்று அடுத்த வீட்டுப் பக்கம் அடிக்கிற நாளாக இருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் சீக்கிரமே வந்தது. கொட்டகை வாசலில் உட்கார்ந்து, கத்தியையும் முள்கரண்டியையும் தூரப் போட்டுவிட்டு, அத்தை விரலால் பிசைந்து சாப்பிட்டாள். "புளி பத்தாது" என்று மட்டும் கடைசியில் சொன்னாள். அம்மா அதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியதும் அப்பா என்னை உட்காரவைத்துக் கேட்டார். மனப்பாடம் செய்திருந்த மன்னர்கள் எல்லாம் எங்கோ போய்விட்டார்கள். "கோட்டையப் பத்திக் கேட்டா நண்டைப் பத்திச் சொல்லுதான். இவனை அனுப்புனதுக்கு நான் போயிருக்கலாம்" என்று அவர் அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டார்.

போன கோடையில் என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். மிசஸ் பிளெட்சர் இறந்து வெகுநாளாகிறது. அவளுடைய வீடும் அடுத்த வீடும் ஒன்றாக இணைக்கப்பட்டு, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. அந்த இரண்டு அம்மாள்களும் கல்லறையில் புரண்டு படுத்திருப்பார்கள். துறைமுகத்துத் தேநீர்க் கடை இல்லை, மீன்பிடிப் படகுகள் பாதிகூட இல்லை, நண்டுகளும் குறைந்துவிட்டன என்கிறார்கள். போட்டி மட்டும் நடக்கிறது. ஆனால் அவரவர் இரையை அவரவர் கொண்டுவரும் உரிமை போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே அளவில் இறைச்சித் துண்டு போட்டி நடத்துகிறவர்களே தருகிறார்கள். வெளியிலிருந்து எந்த இரையும் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஏன் இப்படி என்று மேசையிலிருந்த இளைஞனைக் கேட்டேன். எப்போதோ தூர தேசத்திலிருந்து மெலிந்த பையன் ஒருவன் வந்து, துறைமுகத்து நண்டையெல்லாம் ஒரே நாளில் காலி செய்துவிட்டானாம். நான்தான் அது என்றேன். அவன் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சிரித்தான். ஒரு தனி மனிதனைத் தடுப்பதற்காக இங்கிலாந்தில் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதை நான் பாளையங்கோட்டையில் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்களும் இப்படித்தான் சிரிக்கிறார்கள்.

ஆனால் இந்த முறை போட்டிக்கு நடுவர் யார் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சுவரின் நடுவில் ஒரு நாற்காலி. அதில் கழுத்தில் விசிலும், நெஞ்சில் பட்டையும், காலில் கம்பளிக் காலுறையுமாகக் கிருபை அத்தை. பெரிய பெரிய வெள்ளைக்காரத் தகப்பன்மார்கள் தங்கள் பிள்ளைகளின் வாளியைச் சுமந்துகொண்டு அவள் முன் வரிசையில் நின்றார்கள். போட்டியில் சேர்ந்திருந்த என் மகள் முதலிடத்தை நெருங்கிவிட்டாள். ஒரே ஒரு நண்டுதான் குறை. அதுவும் வந்து கவ்விவிட்டது. ஆனால் கயிறு பாதி வழியில் இருக்கும்போது விசில் ஊதிவிட்டது.

"செல்லாது" என்றாள் அத்தை.

"அத்தை, நம்ம புள்ள அத்தை!"

"யாரு புள்ளயா இருந்தா எனக்கென்னலே? விசில் ஊதுன பொறவு தூக்குனா எங்க ஊர்ல கணக்குல வராது. தள்ளி நில்லு, பின்னால ஆளு நிக்குதுல்லா."

நான் தள்ளி நின்றேன்.